இரண்டு பாதைக்கு ஒரு வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் போகிறவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: விலை, எண்ணெய்ச் செலவு, பக்கத்து வீட்டுக்காரரின் முகம். என் விஷயத்தில் நாலாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அது என் தாயாரின் முதுகு.

அம்மா இருப்பது கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே. கம்பத்திலிருந்து மலை ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, இடுக்கி ஜில்லாவின் ஏலத் தோட்டங்களுக்குள் கொஞ்ச தூரம் போனால் தார் ரோடு ஒரு டீக்கடையோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் 4 கிலோமீட்டர் இருக்கிறது. அதைப் பாதை என்று சொல்வது ஒரு சம்பிரதாயம். மழைக் காலத்தில் அது ஓடை. மற்றக் காலங்களில் ஓடை விட்டுவிட்டுப் போன கற்கள். அதன் முடிவில் இரண்டரை ஏக்கர் ஏலச் செடியும், தகரம் வேய்ந்த வீடும், என் அம்மாவும். வயது 71. முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் டிஸ்க் இரண்டு தேய்ந்துவிட்டன. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த மருந்துகள் பல. வாயால் சொன்னது ஒன்றுதான். "குலுக்கல் மட்டும் கூடவே கூடாது."

கீழே வந்து என்னோடு இருந்துவிடேன் என்று சொல்லாமல் இருப்பேனா? சொன்னேன். "செடியை யாரு பாக்கிறது?" என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் வீட்டில் சில பேச்சுகள் அப்படித்தான் முடியும்.

ஆக, நிலைமை இது. மதுரையிலிருந்து 130 கிலோமீட்டர் நல்ல தார் ரோடு; கடைசி 4 கிலோமீட்டர் கல். கல்லில் ஏறக்கூடிய வண்டி அம்மாவை உடைக்கிறது. அம்மாவை உடைக்காத வண்டி கல்லில் ஏற மறுக்கிறது. ஆம்புலன்ஸ் டீக்கடையோடு நின்றுவிடும். என் பழைய சிறிய காரும் அங்கேயே நின்றுவிடும். அந்த 4 கிலோமீட்டருக்கு மாமாவின் ஜீப். வீடு வந்து சேர்ந்ததும் அம்மா இரண்டு நாள் பாயை விட்டு எழுந்திருக்க மாட்டாள். டாக்டரிடம் போய்க் குணப்படுத்திக்கொண்டு வந்ததை வழியிலேயே தொலைத்துவிட்டு வருகிற வைத்தியம் எங்களுடையது.

ஜீப்பின் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அது பிறந்த வேளை அப்படி. 1940-ல் அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக ஒரு சின்ன வண்டி தேவைப்பட்டது. இவ்வளவுக்குள் எடை, இவ்வளவு சுமை, நாலு சக்கரமும் இழுக்க வேண்டும் என்று ஜாபிதா கொடுத்தார்கள். பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வில்லிஸும் ஃபோர்டும் வேலையை வாங்கிக்கொண்டு, யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. 60 குதிரை சக்தி. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். யுத்த காலத்தில் சிப்பாயின் முதுகைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் அதே வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். யுத்தத்துக்குப் பிறந்த பிள்ளை மலைக்கு வந்து ஏலக்காய் சுமந்தது.

அந்த ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள் நாலு கட்டு. வண்டியைத் தாங்குவதும் அதுதான், அச்சு அங்கே இங்கே ஓடாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான். ஒடிந்தால் எந்தப் பட்டறையிலும் மாற்றிவிடலாம். இவ்வளவு நல்ல குணம் இருந்தும் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டு கிடப்பதால், சின்ன அதிர்ச்சிக்கெல்லாம் அவை அசைவதே இல்லை. அந்த அதிர்ச்சி அப்படியே மேலே வந்துவிடும். தவிர, முழுச் சுமைக்கென்று அடித்த பட்டை காலி வண்டியில் கட்டையைப் போல நிற்கும். இரண்டு அச்சும் கிட்டக் கிட்ட இருப்பதால் முன் சக்கரம் கல்லில் ஏறி இறங்கிய ஆட்டம் அடங்குவதற்குள் பின் சக்கரம் அதே கல்லில் ஏறும். குதிரைச் சவாரி பழகியவர்களுக்கு அதில் ஒரு சுகம் இருக்கலாம்.

"ஆளு ஏறுனாத்தான் மாப்ளே வண்டி படியும்" என்பார் மாமா. அவர் அம்மாவுக்குத் தம்பி. முப்பது வருஷமாக அந்த மலையில் ஜீப் ஓட்டுகிறவர். அவர் சொல்வது பௌதிக சாஸ்திரப்படி முழுக்க உண்மை. சுமை ஏற ஏறப் பட்டை வளைந்து கொடுக்கும், ஆட்டம் நிதானப்படும்.

அந்த ஆள் யார் என்பதைச் சொல்ல வேண்டும். கம்பம், கூடலூர், போடி பக்கங்களில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலை ஏறுவார்கள். ஏலக்காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பலகை. முழங்காலோடு முழங்கால் கோத்து, மடியில் தூக்குச் சட்டி. எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். என் அம்மா அப்படி 22 வருஷம் போய் வந்தாள். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரி வாசலை மிதித்தேன். அதில் மிஞ்சியதில்தான் அந்த இரண்டரை ஏக்கர். பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பிரயாணம் செய்தவர்களுக்கு, பின் சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னேயும் உட்காருவது என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. டிரைவர் சீட்டில் மாமாவுக்கு வந்த குலுக்கல் வேறு, பின் பலகையில் அம்மாவுக்கு வந்த குலுக்கல் வேறு. பதினைந்து பெண்களின் எடை வண்டியைச் சௌகரியமாக்கியது. அந்தச் சௌகரியம் முன் சீட்டுக்குப் போய்விட்டது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, "வயசானா வர்ற தேய்மானம்தான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வருஷம் ஒரு நாவலுக்கு முன்பணம் வந்தது. வண்டி வாங்குவது என்று தீர்மானித்தேன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் ஆதியிலிருந்து தெரிந்துகொள்ளாமல் அவனால் ஒரு காரியமும் செய்ய முடியாது. இரண்டு மாதம் வண்டிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் இங்கிலீஷ்க் குடும்பத்தின் சமாசாரம்.

மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ரோவர் கம்பெனியின் பெரிய என்ஜினீயர். வேல்ஸ் நாட்டோரத்தில் ஆங்கிள்ஸி என்ற தீவில் அவருக்கு நிலம் இருந்தது. அங்கே உழைத்து ஓய்ந்துகொண்டிருந்த ஒரு வில்லிஸ் ஜீப்புக்கு மாற்றாக என்ன வாங்குவது என்று யோசித்து, கடைசியில் தாமே ஒன்றைச் செய்துவிட்டார். 1948-ல் வெளிவந்த லாண்ட் ரோவர் அதுதான். இரும்புக்குத் தட்டுப்பாடு என்று உடம்புக்கு அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். ஆனால் அடியில் அதே பட்டை, அதே குலுக்கல். இருபது வருஷம் கழித்து அவருடைய சகோதரியின் மகன் ஸ்பென் கிங் என்பவர் வேறு விதமாக யோசித்தார். மாமன் செய்ததை மருமகன் திருத்துவது எங்கள் பக்கத்தில் சாமானியமாக நடக்கிற காரியம் அல்ல. ஆகவேதான் இது எனக்குப் பிடித்தது. 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவரில் பட்டையை எடுத்துவிட்டு நீளமாக ஆடக்கூடிய, மெத்தென்ற சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தார்.

அதுவரை உலகம் நினைத்துக்கொண்டிருந்தது, முரட்டுப் பாதைக்கு முரட்டு ஸ்பிரிங் என்று. சற்று யோசித்துப் பாருங்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் என்ன பயன்? பயன் இல்லாததோடு உபத்திரவம் வேறு. அச்சின் நடுவே இருக்கும் கிரௌன் என்ற பல்சக்கர அமைப்பு, சாதாரணமாக இரண்டு பக்கத்துக்கும் சமமான சக்திதான் கொடுக்கும். அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைச் சுற்றச் சக்தியே தேவையில்லை. ஆகவே தரையில் இருக்கிற அதன் ஜோடிக்கும் சக்தி இல்லை. ஒன்று வெறுமே சுற்ற, மற்றது சும்மா நிற்கும். சோம்பேறிக்குக் கிடைக்கிற அளவே உழைப்பாளிக்கும் என்ற நியாயம். இதைத் தடுக்க கிரௌனைப் பூட்டிவிடும் சாதனங்கள் உண்டு. ஆனால் முதல் காரியம், சக்கரத்தைத் தரையோடு வைத்திருப்பது. மெத்தென்ற ஸ்பிரிங் பள்ளத்துக்குள்ளும் சக்கரத்தை நீட்டிக்கொண்டு போய்த் தரையைத் தொட வைக்கும். அதே ஸ்பிரிங்தான் தார் ரோட்டில் அம்மாவின் முதுகையும் காப்பாற்றும். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற வேகத்தை ஒட்டி ஸ்பிரிங் ஆடுமானால், அந்த ஆட்டம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. பகை என்று நினைத்த இரண்டும் பாதி வழி சேர்ந்தே வருகின்றன என்று தெரிந்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டில் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப வாங்கிட வேண்டியதுதானே?" என்றாள்.

பாதி வழிதான் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? மெத்தென்ற ஸ்பிரிங் வளைவில் சாயும். கல்லில் இடிக்காமலிருக்க வண்டியைத் தூக்கிக் கட்டினால் இன்னும் சாயும். சாயாமலிருக்க இரண்டு பக்கத்தையும் ஒரு முறுக்குக் கம்பியால் இணைத்தால், ஒரு சக்கரம் ஏறும்போது ஜோடிச் சக்கரம் தாராளமாக இறங்க முடியாது. பணமுள்ளவர்களின் வண்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் கம்பி விடுபடுகிறது. காற்றுப் பைகள் வண்டியைத் தூக்கி இறக்குகின்றன. அவர்களைப் பற்றி நாம் பேச வேண்டாம். அச்சு விஷயமும் அப்படியே. காரைப் போல ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஆடினால் தார் ரோட்டில் சுகம். முழு அச்சாக இருந்தால் ஒரு சக்கரத்தைக் கல் தூக்கும்போது அது மறு சக்கரத்தைக் கீழே அமுக்கிக்கொடுக்கும். கிரௌனும் கூடவே மேலே எழும்பிக் கல்லுக்குத் தப்பும். சுருளுக்கு அச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரியாது, அதற்கென்று தனியே தாங்கு கம்பிகள் வேண்டும், அவற்றுக்கு ரப்பர் புஷ் வேண்டும், அது தேய்ந்தால் நம் ஊர்ப் பட்டறையில் கிடைக்க வேண்டும்.

நம் நாட்டு வண்டிகள் இந்த வழிக்கு வர வெகு காலம் பிடித்தது. 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி கடைசி வரை பட்டையிலேயே ஓடி ஓய்ந்தது. 2010-ல் வந்த மஹிந்திரா தார் பின்புறத்தில் பட்டையோடு வந்து, 2020-ல் புதிதாகச் செய்தபோதுதான் சுருளுக்கு மாறியது. 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு, நாலிலும் சுருள். நான் எதை வாங்கினேன் என்று கேட்காதீர்கள். விளம்பரம் எழுத எனக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. ஐந்து கதவு, சுருள் ஸ்பிரிங், தேவைப்படும்போது நாலு சக்கரமும் இழுக்கும் என்ற அளவோடு விட்டுவிடுகிறேன்.

கடைகளில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஓட்டிப் பார்க்க வண்டி கொடுப்பார்கள், எங்கே ஓட்டுவது? கண்ணாடி மாதிரி இருக்கிற பைபாஸில் 3 கிலோமீட்டர். கல் ரோடு எங்கே இருக்கிறது என்று ஓர் இடத்தில் கேட்டேன். கழுத்துப் பட்டை கட்டிய பையன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். "சார், வாங்குறவங்க யாரும் அந்த லிவரைத் தொடுறதே இல்ல சார். உங்க ரூட் என்ன சொல்லுங்க?" சொன்னேன். போனில் கணக்குப் போட்டான். "பாருங்க சார், 134-ல 4. நூத்துக்கு மூணுதான். 97 பர்சென்ட் தார் ரோடு. உங்களுக்கு ஃபோர் வீலே தேவையில்ல" என்று, பார்வைக்கு மட்டும் மலைபோல இருக்கிற, முன் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி ஒன்றைக் காட்டினான். கணக்கில் பிழை இல்லை. அந்த மூன்று சதவிகிதத்தின் கடைசியில்தான் அம்மா இருக்கிறாள் என்பது கணக்கில் வராது.

அடுத்த தடவை மாமாவை அழைத்துப் போனேன். அவர் உள்ளே உட்காரவில்லை, சீட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைக்குப் பின்னால் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைப் பார்த்துவிட்டார். "மாப்ளே, முன் டயரை அதுல ஏத்து" என்றார். பையன் பதறிப்போனான். மானேஜர் வந்தார். மாமா அவரிடம், "விக்கிற வண்டி இந்த ஜல்லிக்கே பயந்தா நாங்க மலைக்கு எப்படிங்க கொண்டு போறது?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். ஏற்றினேன். அவர் தரையில் உட்கார்ந்து நாலு சக்கரத்தையும் பார்த்தார். எல்லாம் தரையோடு இருக்கிறதா, எது தொங்குகிறது என்று. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "இது ஒத்துக்கிடும்" என்றார். அப்புறம்தான் விலை பேசினோம்.

வண்டி வந்த பிறகு அவர் எனக்கு இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதே என்பது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போட வேண்டும். இரண்டு அச்சையும் பூட்டிவிட்டால் அதற்கு இடமில்லாமல் உள்ளே எல்லாம் முறுக்கிக்கொள்ளும். மண்ணிலும் கல்லிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை அவிழ்த்துவிடும். தாரில் அது நடக்காது. ரேஞ்ச் ரோவர்க்காரர் நடுவிலும் ஒரு பல்சக்கர அமைப்பு வைத்து, எப்போதும் நாலும் இழுக்கும்படி செய்துவிட்டார். நமக்கு லிவர்தான்.

இரண்டாவது பாடம் காற்று. இரண்டு மாதம் படித்த படிப்பைவிட அது அதிகம் உதவியது. டீக்கடையில் நிறுத்தி, 30 பவுண்டு காற்றை 20-க்கு இறக்கச் சொன்னார். டயர் லேசாகத் தொப்பை போட்டது. கல்லின் மேல் ஏறும்போது அது கல்லை உள்வாங்கிக்கொள்கிறது. தரையோடு படிகிற நீளமும் அதிகமாகிப் பிடிப்பும் கூடுகிறது. ஸ்பிரிங் வரைக்கும் போகாமலே பாதிக் குலுக்கல் டயரிலேயே அடங்கிவிடுகிறது. அந்தக் காற்றோடு தார் ரோட்டில் வேகமாகப் போனால் டயர் சூடேறிக் கெட்டுவிடும்; ஆகவே திரும்பி வரும்போது டீக்கடையிலேயே சின்னப் பம்பை பாட்டரியில் சொருகி நிரப்பிக்கொள்ள வேண்டும். நாலு டயருக்கு இரண்டு டீ நேரம். செலவு அவ்வளவுதான்.

முதல் தடவை அம்மாவை அழைத்து வரப் போனபோது நாங்கள் யாரும் நினைக்காத தடங்கல் வந்தது. வண்டியின் உயரம். கல்லில் இடிக்காமலிருக்க ஓர் அடிக்கு அருகே தூக்கிக் கட்டியிருக்கும் வண்டியின் தரைத் தட்டு அம்மாவின் முழங்காலுக்கு மேலே இருந்தது. காலைத் தூக்கினாள், இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மாமா வீட்டுக்குள் போய் ஏலக்காய் ஆய்கிறபோது போட்டு உட்காரும் மரமுக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். இன்று வரை அது வண்டியிலேயே இருக்கிறது.

நடு சீட்டில், இரண்டு அச்சுக்கும் இடையே அம்மா. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. லோ கியரில், மனிதன் நடக்கிற வேகத்தில் இறங்கினேன். ஓடை குறுக்கிடுகிற இடத்தில் ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை. வண்டி இடுப்பை வளைத்து இறங்கியது. நான் கண்ணாடியில் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ரோட்டைப் பாருய்யா" என்றாள். டீக்கடையில் நிறுத்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரவாயில்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

கம்பம் இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. நாலாவது வளைவில், "முதுகு ஒண்ணும் பண்ணலைய்யா. வயித்தைத்தான் பெரட்டுது" என்றாள். மெத்தென்ற ஸ்பிரிங் தன் கட்டணத்தை அங்கே வசூலித்தது. வளைவுக்கு வளைவு தொட்டில் மாதிரி சாய்ந்து நிமிர்ந்தது. ஜீப்பில் 22 வருஷம் போய் வந்தவளுக்கு ஒரு நாளும் வயிற்றைப் புரட்டியதில்லையாம். மாமா மடியிலிருந்து இரண்டு ஏலக்காய் எடுத்துக் கொடுத்து மெல்லச் சொன்னார். நான் வேகத்தை இன்னும் குறைத்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அமுக்கியபடியே கம்பம் வரைக்கும் வந்தார்.

மதுரைக்குப் போய்வந்த மறுநாள் அம்மா தோட்டத்துக்குள் நின்று ஆளிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள் என்று மாமா போனில் சொன்னார். அதற்கப்புறம் நான்கு தடவை போய் வந்தாகிவிட்டது.

சென்ற தடவை மதுரையிலிருந்து திரும்பும்போது சாயங்காலம். டீக்கடையில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தேன். மேலே குடியிருப்புக்குப் போக வேண்டிய பெண்கள் மூன்று பேர் தூக்குச் சட்டியோடு நின்றார்கள். அம்மா கதவைத் திறந்து, "ஏறுங்கடி, இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டு நான் ஒருத்தியா போகணும்?" என்றாள். தயங்கினார்கள். "கால்ல மண்ணு, வண்டி அழுக்காயிரும்க்கா" என்றாள் ஒருத்தி. "களுவுனாப் போகுது" என்றாள் அம்மா, என்னைக் கேட்காமலே. ஒருத்தி முன்னால், இருவர் அம்மாவின் இரண்டு பக்கத்திலும். முக்காலி கைமாறி உள்ளே வந்தது. நாலு பேர் எடைக்கு வண்டி இரண்டு விரற்கடை இறங்கி அமர்ந்தது. நான் அளவுக் கருவியைப் பார்த்து, பின் டயர்களுக்கு மட்டும் இரண்டு பவுண்டு திரும்ப ஏற்றினேன். ஓடையைத் தாண்டும்போது அவர்கள் நால்வரும் அன்றைய ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.